அரிசி முதலில், மனசு பிறகா?

"வயிறு காயுறவனுக்குக் கவுன்சலிங் எதுக்கு? முதல்ல அரிசி குடு, படுக்கை குடு, ஆக்சிஜன் குடு. மனசைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்." கொரோனா ஊரடங்கின் முதல் வாரத்திலிருந்தே இந்த வாதம் நம்மிடையே கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்டது. இதைச் சொன்னவர்களில் பலர் வெயிலில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்கள். ஊர் திரும்ப வழியில்லாமல் நின்ற வடமாநிலத் தொழிலாளர்களுக்காக அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றவர்கள். அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறுக்கு நாம் கொடுத்த விலையும் அதிகம்.

இதே கருத்து இன்னும் இரண்டு வாய்களில் வேறு வடிவம் எடுத்தது. "நம்ம ஜனங்க எதையும் தாங்கிடுவாங்க, நமக்குக் குடும்பம் இருக்கு, சாமி இருக்கு" என்றார்கள் ஒரு சாரார். அரசோ ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்துவிட்டு, மனநலம் என்ற தலைப்புக்கு எதிரே கடமை முடிந்ததாகக் குறித்துக்கொண்டது. மூன்று தரப்புக்கும் அடியில் இருப்பது ஒரே படம்தான். எல்லாம் நடந்து முடிந்த பிறகு, உடைந்துபோன ஒருவரைத் தனியாக உட்காரவைத்து ஆறுதல் சொல்கிறவர் உளவியலாளர். நான் மறுப்பது இந்தப் படத்தை. பெருந்தொற்றில் உளவியலாளரின் வேலையில் பெரும்பகுதி உத்தரவு எழுதப்படும் மேசையில் இருக்கிறது. அறிவிப்பின் வாசகத்தில், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் வாசலில், பிணவறையின் கதவருகே இருக்கிறது. அங்கெல்லாம் அவரை நாம் கூப்பிடவே இல்லை.

முதலில், "அரிசி முதலில்" என்பது உளவியலுக்கு எதிரான வாதமே அல்ல. அதை எழுத்தில் வைத்தவர்களே மனநலத் துறையினர்தான். சுனாமி நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்டுச் சென்ற மூன்றாம் ஆண்டில், 2007இல், ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழு, பேரிடர்க் காலத்தில் மனநல, உளசமூக உதவிகளை எப்படிச் செய்வது என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஒரு பிரமிடு வரைந்திருக்கிறார்கள். அடித்தட்டு: உணவு, தண்ணீர், பாதுகாப்பு, அடிப்படைச் சேவைகள், அவற்றை மனிதருக்குரிய மதிப்போடு தருவது. அதற்கு மேல் குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. அதற்கு மேல், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் தரும் உதவி. ஊசிமுனை போன்ற உச்சியில்தான் மனநல மருத்துவரும் சிகிச்சையும். கொரோனாவுக்கென்று இதே பிரமிடைச் சேர்த்த குறிப்பை அந்தக் குழு 2020 பிப்ரவரியிலேயே வெளியிட்டது. நம் ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்பு அது எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தது.

இன்னும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் கொண்டுவந்த உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று காரியங்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. பாதிக்கப்பட்டவரிடம் போய் "உன் மனசில் இருப்பதைக் கொட்டு" என்று அது சொல்லவில்லை. இப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொல்கிறது. போர்வையா, மாத்திரையா, ஊருக்கு ஒரு போனா, ரேஷன் கார்டில் சிக்கலா என்று கேட்டு, அதைத் தரக்கூடிய இடத்தோடு சேர்த்துவிடச் சொல்கிறது. இந்த நிதானத்தை அந்தத் துறை அடிபட்டுக் கற்றுக்கொண்டது. அதிர்ச்சிக்குள்ளானவர்களை உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று 1980களில் ஒரு முறை பரவியிருந்தது. பிற்பாடு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் அப்படிக் கிளறுவது பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கேடே செய்திருக்கிறது என்று தெரிந்தது. அதைக் கைவிட்டார்கள். தன் தவறைச் சோதித்துத் திருத்திக்கொண்ட துறையைப் பார்த்து "சும்மா பேச்சு" என்பது நியாயமில்லை.

உளவியலாளர்களில் சிலர் அந்தப் பழிக்கு இடம் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. காலையில் யோகா, மாலையில் புத்தகம், நாளுக்கு மூன்று நல்ல விஷயங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்று திரையில் வந்து சொன்னவர்கள் யாரிடம் பேசினார்கள்? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராக அடைந்து கிடந்தவர்களிடமா? வேலை போனவரிடம் நேர்மறையாக யோசிக்கச் சொல்வது, பாரத்தை மறுபடியும் அவர் தலையிலேயே தூக்கி வைப்பது. இந்த ஓர் இடத்தில் எதிர்த்தரப்பின் கோபம் முழுக்கச் சரி. ஆனால் அது மோசமான உளவியலின் மீதான கோபம். நல்லதைக் கேட்டு வாங்குவதற்கு அது காரணமாக வேண்டுமே தவிர, துறையையே ஒதுக்கி வைப்பதற்கு அல்ல.

இனி நடந்தவற்றுக்கு வருகிறேன். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமரின் அறிவிப்பு. நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. தமிழ்நாட்டில் டாஸ்மாக் மதுக்கடைகளும் மூடின. கடை மூடியது நல்லது என்று பலர் மகிழ்ந்தார்கள். குடியால் சீரழிந்த வீடுகளின் பெண்கள் மகிழ்ந்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பல வருடங்களாகத் தினமும் குடித்த உடலிலிருந்து மது ஒரே நாளில் நின்றால் என்ன ஆகும் என்பது மனநல வார்டில் வேலை செய்த எவருக்கும் தெரியும். முதல் நாளே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. பிறகு சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இடம், காலம் தெரியாத பிதற்றல், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வது போன்ற தோற்றம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். கவனித்தால் மாத்திரையிலும் வைட்டமின் ஊசியிலும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம்.

ஏப்ரல் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில், சவரம் செய்த பிறகு பூசும் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூன்று பேர் இறந்தார்கள். செங்கல்பட்டில் வார்னிஷ் குடித்து மூன்று பேர். "குடிகாரன்தானே" என்று செய்தியைத் தாண்டிப் போனோம். கேரளத்தில் இதே நாட்களில் குடி கிடைக்காமல் தற்கொலைகள் நடந்தன. அங்கே மருத்துவர் சீட்டின் பேரில் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்தது. அந்த உத்தரவு சரியான வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அது பொதுவில் வாதமாகவாவது ஆனது. இங்கே ஊரடங்கு உத்தரவோடு சேர்த்து ஒரு பத்தி போதுமாயிருந்தது: தினமும் குடித்தவர்களுக்கு நடுக்கமோ பிதற்றலோ வந்தால் இந்த அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், வழியில் போலீஸ் நிறுத்தாது, திட்ட மாட்டோம், இன்ன வார்டு திறந்திருக்கிறது. அந்தப் பத்தியை மனநல மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து அரை மணி நேரத்தில் எழுதியிருப்பார்கள். குறிப்பாக "திட்ட மாட்டோம்" என்ற சொல்லை உளவியலாளர் வற்புறுத்திச் சேர்த்திருப்பார். குடிநோயாளியை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுப்பது அவமான பயம் என்பதை அறிந்தவர் அவர்.

அடுத்தது சாவு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "மனசு பிறகு" என்ற வாதம் முழுமையாக உடைவது இந்த இடத்தில்தான்.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய முடியாமல் வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் உடன் போனவர்களுக்கும் காயம். குடும்பம் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. அவருடைய நண்பர் மருத்துவர் பிரதீப் குமார் நள்ளிரவில் திரும்பி வந்து குழியில் மண்ணைத் தள்ளி மூடினார். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் தேவைதான். அதை யாரும் எதிர்க்க முடியாது.

ஆனால் அந்தக் கும்பல் எங்கிருந்து வந்தது? அன்று நாடே சொன்ன பதில்: மனிதத்தன்மை செத்துவிட்டது, மிருகங்கள். இந்தப் பதில் கோபத்தைத் தணிக்கும், காரணத்தைக் காட்டாது. அந்த மாதங்களில் ஒவ்வொரு போன் அழைப்பிலும் ஓர் இருமல் சத்தம் கேட்டது. நெகிழிப் பையில் சுற்றிய உடல்களைத் தொலைக்காட்சி ஓயாமல் காட்டியது. தொற்று வந்த வீட்டில் ஒட்டுத்தாள், தெருவில் தடுப்பு. பயத்தை அளவில்லாமல் கொடுத்தோம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. அடக்கம் செய்த உடலிலிருந்து தொற்று பரவாது என்ற ஒரே உண்மையை மயானத்தை ஒட்டி வாழ்கிற மக்களிடம் முன்கூட்டியே யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லவில்லை. பயமும் அறியாமையும் சேர்ந்து நிற்கும்போது மக்கள் கிருமியை விட்டுவிட்டு மனிதரை விரட்டுவார்கள் என்பது களங்கம் பற்றிய உளவியலில் பாலபாடம்.

இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, கவச உடை அணிந்தவர்கள் வந்து உடலைத் தூக்கிப் போனார்கள். குடும்பங்கள் பயந்து உடல்களை ஒளித்து வைத்தன, ரகசியமாகப் புதைத்தன, நோய் மேலும் பரவியது. பிறகு மானுடவியலாளர்களோடும் மதத் தலைவர்களோடும் கலந்து பேசி, பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம் என்று ஒரு நடைமுறையை உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டின் இறுதியில் வகுத்தது. குடும்பத்தை அதில் சேர்த்தார்கள். துக்கத்துக்கு இடம் கொடுப்பது தொற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளில் ஒன்று என்பது அங்கே உயிர்களின் விலையில் தெரிந்த பாடம்.

நம் நாட்டுக் காகிதத்திலும் அது இருந்தது. 2020 மார்ச் 15 தேதியிட்ட மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டியை எடுத்துப் படித்துப் பாருங்கள். உடல் வைத்த பையின் முகப்பக்க ஜிப்பைப் பணியாளர் திறந்து, உறவினர் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க அனுமதிக்கலாம் என்கிறது. உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகள், மந்திரம் ஓதுவது, புனித நீர் தெளிப்பது எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. அப்படியிருந்தும் எத்தனை குடும்பங்கள் முகம் பார்க்காமல் திரும்பின! வாய்க்கரிசி போடவில்லை, கொள்ளி வைக்கவில்லை, கூட நின்று அழவில்லை. அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு ஒரு சாம்பல் பானையை மட்டும் வாங்கிவந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அது அப்பாதானா என்ற சந்தேகம் அவர்களை விடவில்லை.

விதி அனுமதித்தது, நடப்பு மறுத்தது. காரணம் கொடுமை அல்ல. பிணவறை ஊழியர் பயந்திருந்தார், களைத்திருந்தார், அவருக்கு யாரும் இந்த விதியைச் சொல்லவில்லை. குடும்பத்தை அழைத்துப் பேசி, எங்கே நிற்கலாம், என்ன செய்யலாம், எவ்வளவு நேரம் என்று சொல்வது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அதை ஒருவருடைய வேலையாக ஆக்கியிருந்தால், அதற்கு ஆன செலவு மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு சம்பளம். "அரிசி முதலில்" என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த வாய்க்கரிசியும் அரிசிதானே? அதைப் பிறகு பார்த்துக்கொள்ள முடியுமா? சாவுக்கு மறுநாள் வந்து தரக்கூடிய உதவியா அது?

"நம்ம ஆளுங்களுக்கு லத்திதான் புரியும்" என்பவர்களுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தது அந்த மனப்போக்கின் கடைசிப் படி. பிரிட்டனில் இதே எண்ணம் நாகரிக உடையில் வந்தது: மக்கள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள், ஆகவே கட்டுப்பாடுகளைத் தாமதிக்கலாம் என்றார்கள். 2020 மார்ச்சில் 600க்கும் மேற்பட்ட நடத்தை அறிவியலாளர்கள் அரசுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அந்தச் சலிப்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். உளவியலாளர் மேசையில் இருந்தால் இப்படிக் கேட்பார். மக்களைக் கூட்டாளிகளாக நடத்தினால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள். வீட்டு வாசலில் ஒட்டுத்தாள் ஒட்டினால் அறிகுறியை மறைப்பார்கள். ஒட்டுத்தாளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது: உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் வீடுகளில் ஒட்டக் கூடாது. அதற்குள் எவ்வளவோ வீடுகள் தெருவின் கண்ணில் குற்றவாளிகளாகிவிட்டன.

இனி, "நமக்குக் குடும்பம் இருக்கிறது" என்பவர்கள். குடும்பம் பெரிய பலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களையும் அவர்கள் பார்க்க வேண்டும். 2019இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,39,123 பேர். 2020இல் 1,53,052. 2021இல் 1,64,033. தினக்கூலிகள் மட்டும் 2020இல் 37,666 பேர், 2021இல் 42,004 பேர். 2020இல் இறந்தவர்களில் 22,372 பேர் இல்லத்தரசிகள். இந்த உயர்வு முழுவதையும் கொரோனாவின் கணக்கில் எழுத முடியாது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பல வசதியான நாடுகளில் முதல் மாதங்களில் எண்ணிக்கை கூடவும் இல்லை. அது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறதே தவிரக் குறைக்கவில்லை: வேலை போனாலும் வருமானம் நிற்காத நாட்டில் தாங்க முடிந்தது, இங்கே முடியவில்லை என்று எண்ண இடமிருக்கிறது. குடும்பம் என்பது எல்லோருக்கும் அடைக்கலமும் இல்லை. ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம் ஆனதும், வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் குரல் கேட்காமல் உதவி கோரவென்று தேசிய மகளிர் ஆணையம் தனியாக ஒரு வாட்ஸ்அப் எண்ணைத் திறக்க வேண்டி வந்தது. அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் பூட்டப்பட்டவளிடம் போய்க் குடும்பம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மனநலமே சிதறிவிட்டது, எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்று மறுகோடிக்குப் போகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முதல் ஆண்டில் உலக அளவில் மனச்சோர்வும் பதற்ற நோயும் 25 விழுக்காடு கூடின என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரிய உயர்வு. என்றாலும் பயந்தவர்கள், அழுதவர்கள், தூக்கம் கெட்டவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். அவர்களுக்கு வேண்டியிருந்தது நம்பத்தகுந்த தகவல், வருமானம், ஒரு மனிதக் குரல்.

அந்தக் குரலாகத்தான் உதவி எண்கள் வந்தன. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2020 மார்ச் இறுதியில் ஒன்றைத் தொடங்கியது, செப்டம்பரில் ‘கிரண்’, 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ என்ற 14416. இவற்றில் உட்கார்ந்து இரவு பகலாகப் பேசியவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறை எண்ணில் இல்லை, எண்ணோடு நிறுத்திக்கொண்டதில். மிக மோசமான நிலையில் இருக்கிறவர் போன் எடுக்க மாட்டார். சாக நினைப்பவருக்கு விரல் எழாது, குடிநோயாளிக்கு வெட்கம், தனித்திருக்கும் பாட்டிக்கு எண் தெரியாது. கேரளம் இதைத் திருப்பிப் போட்டது. 2018இல் நிபாவைப் பார்த்திருந்த அந்த மாநிலம், 2020 தொடக்கத்திலேயே "நீங்கள் தனியாக இல்லை, கூட இருக்கிறோம்" என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கி, தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தாங்களே அழைத்துப் பேசியது. நீங்கள் கூப்பிடுங்கள் என்பதற்கும் நாங்கள் கூப்பிடுகிறோம் என்பதற்கும் நடுவில் பல உயிர்கள் இருக்கின்றன.

"சரி, அத்தனை உளவியலாளர்களுக்கு எங்கே போவது?" என்பது கடைசி ஆட்சேபம், நியாயமானதும்கூட. லட்சம் பேருக்கு ஓர் உளவியலாளர்கூட இல்லாத நாடு இது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு பார்த்த பெரும்பாலான மனநோய்களில், பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை கிடைக்கவில்லை. ஆனால் கோவாவில் விக்ரம் படேலும் ‘சங்கத்’ அமைப்பும் நடத்திய ஆய்வுகள் ஒரு வழியைக் காட்டியிருக்கின்றன: மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை செய்தால், அவர்கள் மனச்சோர்வுக்குத் தரும் உதவி பலன் தருகிறது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் மர பெஞ்சில் உட்கார்ந்து அதைச் செய்கிறார்கள். நம்மிடம் ஆட்கள் இல்லாமலா? சென்னை மாநகராட்சி 2020இல் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பியது. பாலும் மருந்தும் வாங்கித் தந்த அந்தப் பிள்ளைகள்தான் அந்த வீடுகள் பார்த்த ஒரே வெளிமுகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியோடு வீட்டுக்குள்ளேயே வருகிறார்கள். ரத்த அழுத்தம் பார்த்த கையோடு, "ரெண்டு வாரமா எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கா? மனசு பாரமா இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பதில் ஆமாம் என்றால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரும் எண்ணும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளராக இருக்க வேண்டும். அவருடைய முதன்மை வேலை இந்தப் பெண்களைப் பயிற்றுவதும் மேற்பார்வை செய்வதும் என்று எழுதிவிட்டால், ஒருவர் பல ஊர்களுக்குப் போதும்.

2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு கொரோனாவைச் சமாளிக்கப் பதினொரு அதிகாரக் குழுக்களை அமைத்தது. மருத்துவமனை, கருவிகள், பொருள் வழங்கல், தகவல் தொடர்பு, பொருளாதாரம், ஊரடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஒன்றின் தலைப்பிலும் மனநலம் இல்லை. பன்னிரண்டாவதாக ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று வைத்தால் மனசை மறுபடியும் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த தொற்றில் ஊரடங்கை முடிவு செய்யும் குழுவிலும், அறிவிப்பு எழுதும் குழுவிலும், மருத்துவமனையை நடத்தும் குழுவிலும் ஓர் உளவியலாளர் உறுப்பினராக உட்கார வேண்டும். உத்தரவு கையெழுத்தாகும் முன் அதைப் படித்து, இதில் குடிநோயாளிக்கு என்ன ஏற்பாடு, அடிபடும் பெண் எங்கே போவாள், சாவு விழுந்த வீட்டுக்கு யார் போன் செய்வார் என்று கேட்கும் உரிமையும், பதில் இல்லையென்றால் உத்தரவைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.